அண்டைப் பட்டியல்

கடிதம் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. அந்த மரியாதையைத்தான் அவள் முதலில் சந்தேகப்பட்டாள்.

வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் வேலை செய்யும் ஓர் ஆய்வாளர் எழுதியிருந்தார். உங்கள் கட்டுரையை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம், அதில் வரும் வளையங்களை எங்கள் கணினியில் உருவாக்க ஆறு மாதமாக முயல்கிறோம், உருவாகின்றன, ஆனால் நிலைக்கவில்லை, எங்கள் பக்கம்தான் ஏதோ தவறு இருக்க வேண்டும், தயவுசெய்து உங்கள் புரோகிராமை அனுப்ப முடியுமா?

எங்கள் பக்கம்தான் தவறு என்று எழுதுகிறவர்கள் யாரும் அப்படி நினைத்து எழுதுவதில்லை. ஐந்து வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்ததில் அவளுக்கு அது தெரியும். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, எதிரே காலியாக இருந்த மேஜையைப் பார்த்தாள். அது சீனியரின் மேஜை. அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகியும் அங்கே யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அந்த அறையில் நான்கு மேஜைகள், ஒரு வெள்ளைப் பலகை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே பழைய பெயின்ட் வாளி. வேதியியல் துறையிலேயே ரசாயன வாடை இல்லாத ஒரே அறை அதுதான். அவளுடைய அம்மாவுக்கு இதில் தீராத குறை. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அம்மா, தன் வாடிக்கையாளர்களிடம் மகளைப் பற்றிச் சொல்லும்போது, "கெமிஸ்ட்ரிதான் படிக்கறா. ஆனா ஒரு கண்ணாடிக் குழாயைக்கூடக் கையால தொட்டதில்ல, எல்லாம் கம்ப்யூட்டர்லயே கொதிக்குது" என்பாள்.

உண்மையும் அதுதான். சோப்பைத் தண்ணீரில் போட்டால் அதன் மூலக்கூறுகள் தாமாகவே கூடிச் சின்னச் சின்ன உருண்டைகளாகின்றன. யாரும் அடுக்குவதில்லை. ஒரு முறை கூடிவிட்டால் அப்படியே அமைதியாக இருக்கும். அது சமநிலை. ஆனால் உடம்புக்குள் இருக்கும் பல அமைப்புகள் அப்படி இல்லை. இடைவிடாமல் சக்தி உள்ளே வந்துகொண்டிருக்கும்வரைதான் அவை நிற்கும், வரத்து நின்றால் கலைந்துவிடும். அப்படிச் சமநிலையை விட்டு விலகிய நிலையில் துகள்கள் எப்படித் தாமாகக் கூடுகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கணினிக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பன்னிரண்டாயிரம் துகள்கள். சக்தியை ஊட்டினால் அவை ஓடும், மோதும், ஒட்டும், சில நேரம் வளையமாகக் கூடும்.

அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து எழுதியவர் சீனியர். மாணவர்கள் மட்டுமல்ல, வழிகாட்டியான மேடமே அவரை அப்படித்தான் கூப்பிடுவார். அவளைவிட இரண்டு வருடம் மூத்தவர். சேர்ந்த புதிதில் எதற்கெடுத்தாலும் பின்னாலேயே போய்க் கேள்வி கேட்டதால் அவளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான்காம் வருடத்தில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கட்டுரையை எழுதி முடித்தார். அவர் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து, மேடம் பெயர் கடைசியில். அதைப் பத்திரிகைக்கு அனுப்பிய பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

கட்டுரை சொன்னது எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய ஒரு விஷயம். சக்தியைக் கூட்டக் கூட்ட வளையங்கள் உடைய வேண்டும். இவையோ கூட்டக் கூட்ட உறுதியாகின்றன.

கடிதம் வந்த அன்றே தேட ஆரம்பித்தாள். முதல் நாள் சமன்பாடுகளைச் சரிபார்த்தாள், சரியாக இருந்தன. இரண்டாம் நாள் சின்னச் சின்னப் பெட்டிகளில் நூறு துகள்களை விட்டுப் பார்த்தாள், ஒழுங்காக ஓடின. மூன்றாம் நாள், வியாழன் மதியம், ஒரு எண்ணின் மேல் கண் நின்றது.

பன்னிரண்டாயிரம் துகள்களில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் கணக்கு முன்னேறும் ஒவ்வொரு அடியிலும் பார்த்துக்கொண்டிருந்தால் கணினி திணறிப்போகும். அதனால் யாருக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார்கள். அண்டைப் பட்டியல். பட்டியலில் இருப்பவர்களோடு மட்டும்தான் மோதல், ஒட்டல் எல்லாம். சில அடிகளுக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து அடிக்கு ஒரு முறை என்று கட்டுரையில் எழுதியிருந்தது. புரோகிராமில் இருந்த எண் ஐம்பது.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடவே தேவையில்லை, எல்லாம் தானாக விளங்கியது. மெதுவாக நகரும் துகளுக்கு ஐம்பது அடியில் ஒன்றும் ஆகாது. ஆனால் சக்தி ஊட்டப்பட்டு வேகமாக ஓடிவரும் துகள், பட்டியல் புதுப்பிக்கப்படுவதற்குள் வளையத்தின் மேல் வந்துவிடும். வளையத்துக்கு அது வந்ததே தெரியாது. மோத வேண்டியது மோதாமல், காற்றைப்போல ஊடே புகுந்து போய்விடும். வேகம் கூடக் கூட இப்படித் தப்பிப்போவதும் கூடும். வளையங்கள் உறுதியாக இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அவற்றை யாரும் அடிக்கவே இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. புரோகிராம் சீனியருடையது. தப்பு அவருடையது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை, ஆனால் வந்தது என்பதைப் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

புரோகிராமில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவைத் திறந்தாள். சீனியர் வைத்திருந்த எண் ஐந்து. அதை ஐம்பதாக்கிய இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் 'மாதங்கள்' என்பதை விட்டுவிட்டு 'வாரங்கள்' என்று பேச ஆரம்பித்த வாரம் அது. முழுக் கணக்கும் ஓடி முடிய நான்கு மாதம் ஆகும் என்று கணினி காட்டியது. சீனியருக்கு நான்கு மாதம் இல்லை. சும்மா ஒரு தரம் வேகமாக ஓட்டிப் பார்ப்போம், வடிவம் வருகிறதா என்று தெரிந்தால் போதும், பிறகு ஐந்தை வைத்து ஒழுங்காக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஐந்துக்குப் பின்னால் ஒரு சுழியைச் சேர்த்தாள். வளையங்கள் வந்தன. அவ்வளவு அழகாக வந்தன. படங்களை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையால் சீனியர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்து, "வாலு, பாத்தியா" என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தச் சுழி ஞாபகமே வரவில்லை.

மாலையில் அம்மா போன் செய்தபோது மறைக்க முடியாமல் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"நீ சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?"

"வெளிநாட்டுலேருந்து கேட்டே எழுதிட்டாங்கம்மா."

"அப்ப... அந்தத் தம்பி எழுதினதுதானே எல்லாம்? அதுல ஏதோ தப்பு இருந்திருக்குன்னு..." அம்மா பாதியிலேயே நிறுத்தினாள். "ச்சே. வாயில வந்துடுச்சு. என்ன பொம்பள நான்."

"எனக்கும் தோணுச்சும்மா," என்றாள் அவள். "உனக்கு முன்னாடியே."

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர். அன்றும், "என்ன, முகம் வெந்நீர்ல விழுந்த மாதிரி இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டக் காட்ட, சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்தார். ஐந்தை வைத்து ஓட்டிய சின்னக் கணக்கில் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போவதைக் கடைசிவரை பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம் மேடம். மூணு தடவை ஓட்டிட்டேன்."

"வாபஸ் வாங்கணும். வேற வழியில்ல." மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உனக்கு வேலை தரேன்னு சொன்ன இடத்துக்கும் சொல்லியாகணும். அவங்க உன்ன எடுத்ததே இந்தக் கட்டுரையைப் பாத்துத்தான்."

"தெரியும் மேடம்."

"அறிவிப்பை நான் எழுதறேன். 'நிரலில் ஒரு பிழை கண்டறியப்பட்டது'. அவ்வளவு போதும். யாரு, எப்போங்கறதெல்லாம் எழுதற வழக்கமில்ல."

"அப்படி எழுதினா எல்லாரும் சீனியர்தான்னு நினைப்பாங்க. முதல் பேரு அவரோடது. புரோகிராம் எழுதினது அவருன்னு கட்டுரையிலயே இருக்கு."

"இனிமே நீ வேற வேலை தேடணும். அத யோசி."

"அவரால வந்து நான் பண்ணலன்னு சொல்ல முடியாதே மேடம்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் மறுபடி மறுபடி உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது.

"சரி," என்றார் மேடம். "நீயே எழுது. 'சரிபார்க்கத் தவறிய பொறுப்பு வழிகாட்டியுடையது'ன்னு ஒரு வரி சேத்துக்கோ. என் பேரும் அதுல சும்மா ஒட்டிக்கிட்டு இல்ல."

சீனியரின் மனைவியிடம் சொல்வது இன்னும் பாக்கி இருந்தது. அவரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணாடிகளை ஃபிரேமுக்குப் பொருந்தும்படி தேய்த்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. அறிவிப்பு வெளிவந்து அவர் வேறு யார் வாயிலாகவாவது கேள்விப்படுவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினாள்.

மூன்றாம் மாடி வீடு. அண்ணி மகளின் பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆறு வயது மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். கூடத்துச் சுவரில், கட்டுரையின் முதல் பக்கம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில்தான் நாற்காலி.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அப்படியே நின்று கேட்டார்.

"அப்ப அதுல இருக்கறது பொய்யா?"

"தப்பு அண்ணி. நான் பண்ணின தப்பு. அவரு எழுதினது சரியாத்தான் இருந்தது."

"அந்தப் படத்தப் பாத்து அவரு சிரிச்சாரே. கடைசி மாசம் முழுக்க அதைப் பத்தியேதான் பேசினாரு. அதெல்லாம்?"

"எனக்கு அப்போ தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

"வாபஸ் வாங்கினா?"

"கட்டுரை மேல 'வாபஸ் பெறப்பட்டது'ன்னு போட்டுடுவாங்க."

"அவரு பேரு மேல."

"எங்க மூணு பேரு மேலயும்."

"நீங்க ரெண்டு பேரும் இன்னொண்ணு எழுதுவீங்க," என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "அவரு எழுதினது அது ஒண்ணுதான். பாப்பா பெரியவளானா காட்டலாம்னு வெச்சிருந்தேன்." வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "நீ போ. என்னால இப்போ பேச முடியல."

மூன்று மாடியும் நிற்காமல் இறங்கினாள். கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

அறிவிப்பு பதினோரு நாளில் வெளியானது. அண்டைப் பட்டியலின் இடைவெளியை மாற்றியது இரண்டாவது ஆசிரியர், முதல் ஆசிரியர் எழுதிய நிரலில் அந்தப் பிழை இல்லை, சரிபார்க்கத் தவறிய பொறுப்பு வழிகாட்டியுடையது என்று மூன்றே வாக்கியங்கள். வேலை தருவதாகச் சொன்ன இடத்திலிருந்து, தங்கள் நேர்மையை மதிக்கிறோம் என்று தொடங்கும் ஒரு கடிதம் வந்தது. அந்த முதல் வரியோடு அவளுக்கு மீதி தெரிந்துவிட்டது. துறையில் சிலர் தோளைத் தட்டினார்கள். சிலர் தேநீர் வாங்கும் இடத்தில் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். முதலில் எழுதிக் கேட்ட அந்த வெளிநாட்டு ஆய்வாளர், "இதை எழுத உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று ஒற்றை வரி அனுப்பினார். அதைப் படித்துவிட்டு, கடிதம் வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவள் அழுதாள்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணி போன் செய்தார். "மத்தியானம் கடைக்கு வர முடியுமா? சாப்பாட்டு நேரத்துல."

கடையின் பின்பக்கம் தேய்க்கும் அறை. மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி ரப்பர் ஏப்ரனோடு, கையில் ஒரு கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார்.

"அன்னிக்கு உன்ன வெளியில போகச் சொன்னேன்ல. நீ சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துடுச்சு. அதான்." அண்ணி ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "அவருக்குச் சந்தேகம் இருந்தது."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். நீ படத்தைக் கொடுத்துட்டுப் போன மறுநாள் காலையில. 'இது இவ்வளவு நல்லா வரக் கூடாதே, வேகம் கூடினா உடையணுமே'ன்னாரு. 'வாலுகிட்ட லிஸ்ட்டப் பாக்கச் சொல்லணும், ஞாபகப்படுத்து'ன்னாரு. என்ன லிஸ்ட்டுன்னு எனக்குத் தெரியாது. மளிகை லிஸ்ட்டு மாதிரி ஏதோன்னு நினைச்சேன்." அண்ணி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆறு மாசத்துல அவரு சிரிச்ச ஒரே நாள் அதுக்கு முந்தின நாள். 'சும்மா இருங்க, ஒரு வாரமாவது நிம்மதியா இருங்க'ன்னு நான்தான் சொன்னேன். ஞாபகப்படுத்தவே இல்ல. மறந்துட்டேன்னு இல்ல. வேணும்னே."

"அவரு மறுபடி கேக்கலையா?"

"கேக்கல. மருந்துல மறந்துட்டாரா, இல்ல எனக்காக விட்டுட்டாரா... எனக்குத் தெரியல. ராத்திரி பகலா அதத்தான் யோசிக்கறேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒருவர் நான்கு மாதத்தை இரண்டு வாரமாகச் சுருக்கினார். ஒருவர் ஒரு வார்த்தையை விழுங்கினார். ஒருவர் அதை மறுபடி கேட்கவில்லை. மூன்று பேருமே அந்தப் படங்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். அவளுக்கு அண்ணியின் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"அவருக்குச் சந்தேகம் வந்ததுன்னு அந்த அறிவிப்புல போட முடியுமா?" என்று கேட்டார் அண்ணி. "அவரு ஏமாறலன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

"அறிவிப்புல முடியாது அண்ணி. அதுக்குப் பதிவு ஒண்ணும் இல்ல. ஆனா என் ஆய்வேடு இருக்கு. அது நான் எழுதறது. அதுல எழுதறேன்."

"நான் சொல்லாம இருந்ததையும் எழுதுவியா?"

"அது எதுக்கு அண்ணி?"

அண்ணி கண்ணாடியைத் துணியில் துடைத்து உறையில் போட்டார். "எழுதாத," என்றார் மெல்ல. "பாப்பா படிப்பா."

சரியான எண்ணை வைத்துக் கணக்கை மறுபடி ஓட்ட நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆயிற்று. இந்த முறை அவள் நடுவில் எதையும் தொடவில்லை. தினமும் காலையில் வந்ததும் பட்டியல் புதுப்பிக்கப்படும் எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். முடிவில் வந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. குறைந்த வேகத்தில் வளையங்கள் கூடின, சிறிது நேரம் நின்றன, உடைந்தன, வேறு துகள்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கூடின. ஓர் எல்லைக்கு மேல் சக்தியைக் கூட்டினால் எதுவுமே நிற்கவில்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை அவளால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. சின்னப் பத்திரிகை ஒன்றில் ஆறு பக்கக் கட்டுரையாக வந்தது. பெயர் வரிசை பற்றிப் பேச்சு வந்தபோது, "புரோகிராம் யாரோடது?" என்று மட்டும் கேட்டார் மேடம். சீனியரின் பெயர் முதலில் போனது, பக்கத்தில் 'மறைந்தவர்' என்பதற்கான சிலுவைக் குறியோடு.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு ஒரு வருடம் தள்ளிப்போய் நடந்தது. சின்ன அரங்கம். முன்வரிசையில் மூன்று தேர்வாளர்கள், பின்னால் மாணவர்கள் சிலர். அம்மா, தான் தைத்த திரைச்சீலைகளைவிட அங்கே தொங்கியவை மட்டமானவை என்பதைப் பார்வையாலேயே சொல்லிக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்துக் கடைசி வரிசையில் கதவோரமாக அண்ணி வந்து உட்கார்ந்தார். அரை நாள் லீவு போட்டிருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "நான்காம் அத்தியாயம். வாபஸ் பெற்ற கட்டுரையைப் பற்றி ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க. அந்தப் பிழையை முதல்ல கண்டது யாரு? நீங்களா?"

"இல்லைங்க. அது எந்த வரியில இருக்குன்னு கண்டது நான். இந்த முடிவு சரியா இருக்க முடியாதுன்னு முதல்ல சந்தேகப்பட்டது முதல் ஆசிரியர். படங்களைப் பாத்த மறுநாளே. அண்டைப் பட்டியலைத்தான் பாக்கணும்னும் சொல்லியிருக்காரு. அது என்கிட்ட வந்து சேரல."

"ஏன்?"

அவள் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

"அவர் ஆஸ்பத்திரியில இருந்தாருங்க," என்றாள். "நாங்க எல்லாருமே அவரு சந்தோஷமா இருக்கறதைப் பாத்துக்கிட்டு இருந்தோம்."

தேர்வாளர் பென்சிலால் பக்க ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, அந்த எல்லை வேகத்தை எந்தச் சூத்திரத்திலிருந்து வருவித்தீர்கள், பலகையில் எழுதிக் காட்டுங்கள் என்றார்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பேனாவின் மூடியைத் திறந்தாள். முதல் வரியிலேயே குறியைத் தப்பாகப் போட்டுவிட்டாள். விரலால் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். நாற்பது நிமிடம் கேள்விகள் தொடர்ந்தன. முடிவு சொல்வதற்காக எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னபோது, நடைபாதையில் அம்மாவும் அண்ணியும் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு வார்த்தை புரியல," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான்," என்றார் அண்ணி. அவளைக் கண்டதும் அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேய்ப்பு வேலையில் காய்த்துப்போன கை. இரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்றார். ஆனாலும் கதவு திறந்து உள்ளே கூப்பிடும்வரை போகவில்லை.